பூனைக்கும் புரட்டாசி

புரட்டாசிச் சனிக்கிழமைக் காலை. வெளியே ராயக்கோட்டை சாலையில் தக்காளி வண்டிகளின் ஹாரன் ஓயவில்லை. சமையல் மேடையில் வெயில் சாய்ந்து விழுகிறது. நெற்றியில் நாமத்தோடு பூங்கொடி பூனைக்கான இரண்டு பாக்கெட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஒன்றில் குழம்போடு மெத்தென்ற மீன், மற்றதில் பிஸ்கட் மாதிரி உலர்ந்த தீனி. காலடியில் கிழட்டுப் பூனை சிம்மி கத்துகிறது. முந்தாநாள்தான் டாக்டர் அதன் சொத்தைப் பற்களைப் பிடுங்கிவிட்டு, புண் ஆறும்வரை மெத்தென்றதை மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். “மீன் நாத்தம் வீட்டுக்குள்ள வேண்டாங்க. மாசம் முடியட்டும். இது பிஸ்கட்டுதானே,” என்று பூங்கொடி உலர்தீனியைக் கிண்ணத்தில் கொட்டுகிறாள். சரளைக்கல் விழுவதுபோல் சத்தம். “தண்ணியிலயாச்சும் ஊற வெச்சுக் குடு,” என்கிறான் கணவன் சுரேந்தர், கம்பெனிச் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி. “ஊறுனா இதுவும் கவிச்சி அடிக்குது. நாம விரதம் இருக்கறோமில்ல? அதுவும் இந்த வீட்டுலதானே இருக்குது.” சிம்மி ஓர் உருண்டையைக் கவ்வி, தலையைச் சாய்த்து, துப்பிவிடுகிறது. உருண்டையில் ரத்தம் ஒட்டியிருக்கிறது. பசி தாளாமல் திரும்பவும் அதையே நக்குகிறது. பூங்கொடி சமையலறை அலமாரியில் இருக்கும் பெருமாள் படத்துக்குக் கற்பூரம் ஏற்றி மணியடிக்கத் தொடங்குகிறாள். பூனையின் கத்தல் அதில் அமுங்கிப்போகிறது. கைகூப்பப் போன சுரேந்தர் ஒரு கணம் நிற்கிறான். மேடைமேல் இருக்கும் உலர்தீனிப் பாக்கெட்டை எடுத்து, அதில் அச்சடித்த கோழிப்படம் பெருமாளுக்குத் தெரியாதபடி சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொள்கிறான்.