உதட்டில் ஏறிய முள்

கால்நடை மருத்துவமனையின் இரும்பு மேசைமேல் தன் நாயை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் பஸ் மெக்கானிக். குளக்கரையில் எவனோ போட்டுவிட்டுப் போன தூண்டில் முள் அதன் உதட்டில் ஏறியிருக்கிறது. ஜன்னல் வெயில் டாக்டரம்மாவின் ஊசியில் பளிச்சென்று தெறிக்கிறது. மரத்துப்போகச் செய்யும் மருந்து இறங்கியதும் நாய் திமிறி, மெக்கானிக்கின் கட்டைவிரலைக் கடித்தே விடுகிறது. பிடியை விடாமல், “கொஞ்சம் பொறுத்துக்கடா, எல்லாம் உன் நல்லதுக்குத்தான்” என்கிறார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைக்கிறது. மனைவி செத்த அன்று அக்கா சொன்ன அதே வார்த்தை. அதற்காகத்தான் அக்காவை வாசலோடு அனுப்பினார். அன்றிலிருந்து கடவுளோடும் பேச்சுவார்த்தை கிடையாது.

“என்ன அப்படியே நின்னுட்டீங்க? தலையை விட்டுடாதீங்க” என்கிறார் டாக்டரம்மா.

மெக்கானிக்கின் உள்ளங்கைக்குள் நாயின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. முள்ளை எடுக்கத்தான் இந்த வலி என்பது இவருக்குத் தெரியும், நாய்க்குத் தெரியாது. அப்படியானால் அன்றைக்கு இவருக்குத் தெரியாமல்... நினைப்பு அதற்குமேல் நகர மறுக்கிறது. மனைவி முள்ளா என்ன, பிடுங்கிப் போட? கோபம் பொங்குகிறது, யார்மேல் என்றுதான் புரியவில்லை.

“வந்துடுச்சு!” என்கிறார் டாக்டரம்மா. முள் தட்டில் கிணீரென்று விழுகிறது. மெக்கானிக் அதை எடுத்து நாயின் மூக்கருகே நீட்டுகிறார். “பாருடா, இதுக்குத்தான் பிடிச்சேன். கொஞ்சம் பாரேன்.” கிட்டத்தட்டக் கெஞ்சுகிறார். நாய் முள்ளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ரத்தம் கசியும் அவர் கட்டைவிரலை நக்கிக்கொண்டிருக்கிறது. அவர் முள்ளை நீட்டியபடியே நிற்கிறார்.