சுருதிப் பெட்டி மட்டும் ஓடியது

பாட்டு கிளாஸில் பாட்டுச் சத்தமே இல்லை. சுருதிப் பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட்ட அன்பரசி, ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே அவள் மகள் இளமதி பாயில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கமலம் டீச்சர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நல்லா இருக்குதுங்க டீச்சர்! ஃபீஸ் வாங்கிக்கிட்டுப் புள்ளயத் தூங்கப் போட்டுருக்கீங்க. வெளிய கேக்குறவங்களுக்காகப் பெட்டி வேற!"

"மெதுவாப் பேசும்மா. முழிச்சிக்கப் போறா."

"எத்தினி நாளா நடக்குது இது?"

"கராத்தேயில சேத்ததுலேர்ந்து."

அன்பரசிக்குச் சுருக்கென்றது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"இந்தி கிளாஸுல இவ தூங்கல. அபாகஸுல தூங்கல. இங்க மட்டும் தூங்குறான்னா பாட்டுல இஷ்டம் இல்லன்னுதான அர்த்தம்? பாட்ட நிறுத்திடுறேன்."

சத்தத்தில் இளமதி எழுந்துவிட்டாள். விஷயம் புரிந்ததும் அழ ஆரம்பித்தாள்.

"பாட்ட நிறுத்தாதம்மா! வேற எத வேணா நிறுத்து. தூங்காம பாடுனா கொரலு வர மாட்டேங்குதும்மா."

"பாதி நேரம் தூங்குவா, மீதி நேரம் பாடுவா" என்றார் டீச்சர். "முழு நேரமும் பாடுற புள்ளைங்களவிட நல்லாவே பாடுறா. இத்தினி கிளாஸ எதுக்கும்மா இவ தலையில ஏத்துற?"

அன்பரசி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கொலு சீசன். காலையிலிருந்து பீங்கான் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண்ணும் புருவமும் வரைந்துவிட்டு, அந்தக் கையோடு மகளை ஒவ்வொரு கிளாஸாக இறக்கி ஏற்றுகிறவள்.

"நாந்தான் பொம்மைக்கு மூஞ்சி வரைஞ்சிக்கிட்டுக் கெடக்கேன். இவளாச்சும் நாலு விஷயம் கத்துக்கட்டும்னு பாத்தா..." ஸ்கூட்டி சாவியைக் கையில் உருட்டினாள். "சரி, இப்ப என் முன்னால பாடட்டும். கேட்டுட்டு முடிவு பண்றேன்."

இளமதி முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பயத்தில் முதல் வரி நடுங்கியது. இரண்டாவது வரியில் சரியாகிவிட்டது. அதற்கப்புறம் அம்மா இருப்பதையே மறந்துவிட்டாள்.

பாடி முடித்துத் திரும்பிப் பார்த்தாள்.

அம்மா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். கையில் ஸ்கூட்டி சாவி அப்படியே இருந்தது.

"டீச்சர், எழுப்பட்டுமா? இந்தி கிளாஸுக்கு நேரமாவுது."

"வேணாம். அடுத்த பாட்ட எடு. மெதுவாப் பாடு." டீச்சர் ஃபேனைக் கூட்டி வைத்தார். சுருதிப் பெட்டியை நிறுத்தவில்லை.

அன்பரசி விழித்தபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. இந்தி கிளாஸ் முடிந்தே போயிருந்தது. அவசரமாக முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, மகளின் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"அம்மா... பாட்டு?" இளமதி இழுத்தாள்.

"நல்லாத்தான் பாடுன. கராத்தேய நிறுத்திக்கலாம். இந்திய அடுத்த வருஷம் பாத்துக்கலாம். நட."

இளமதி ஒரே ஓட்டமாக ஸ்கூட்டியில் போய் ஏறிக்கொண்டாள்.

செருப்பை மாட்டிய அன்பரசி போகாமல் நின்றாள். மகளுக்குக் கேட்காதபடி குரலைத் தணித்துக்கொண்டாள்.

"டீச்சர்... பெரியவங்களயும் சேத்துக்குவீங்களா?"