கருப்புச்சட்டைக்காரர் கொடுத்த புற்றுமண்

"அண்ணாச்சி, உங்க பொன்னுச்சாமிக்குப் பக்தி முத்திப்போச்சு," என்றான் டீக்கடையில் மருதப்பன். "மாட்டாஸ்பத்திரியில புத்துமண்ணு பொட்டலம் குடுக்காரு. புண்ணாக்கு ஊறவைக்கையில போடணுமாம்."

சண்முகையா பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

சங்கரன்கோவில் கோயில் புற்றுமண் விஷத்தை முறிக்கும் என்று ஊரே நம்பும். நம்பாத ஆள் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் பொன்னுச்சாமி. பகுத்தறிவு மன்றத்தைத் தொடங்கியவர் அவர்தான். புற்றுமண்ணைக் கேலி பேசிப் பேசியே சண்முகையாவைக் கருப்புச்சட்டை போடவைத்தவர். இப்போது சண்முகையா மன்றச் செயலாளர்.

ஆஸ்பத்திரி வாசலில் வரிசை நின்றது. பால்காரி தங்கத்தாய் பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

"என்ன வே கூத்து இது?" என்று பொன்னுச்சாமியிடம் கேட்டார் சண்முகையா.

"அடைமழையில புண்ணாக்கு நனைஞ்சு பூசணம் பிடிச்சுட்டு. அது விஷம். நாலு கன்னுக்குட்டி செத்துப்போச்சு."

"தூரப் போடச் சொல்லும்."

"சொன்னேன். வேற தீவனத்துக்கு எங்க போவாவ?"

"அதுக்குப் புத்துமண்ணா?"

பொன்னுச்சாமி அடுத்த ஆளுக்குப் பொட்டலத்தை நீட்டினார்.

"ஞாயித்துக்கிழமை மன்றக் கூட்டத்துல உம்மை நீக்கணும்னு தீர்மானம் வருது வே."

"வரட்டும்."

சண்முகையா கோபத்தில் ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் பிரித்தால் மண்வாசம் இல்லை. புளித்த மாவு மாதிரி வாடை. குழப்பம் இரட்டிப்பானது. மறுநாள் விடிந்ததும் திரும்பப் போனார்.

"இது மண்ணு இல்லையே வே."

பொன்னுச்சாமி கதவைச் சாத்தினார். "ஒரு சிட்டிகைதான் மண்ணு. மிச்சமெல்லாம் கிருமிப் பொடி. மெட்ராஸ்ல ஆராய்ச்சி பண்ணுத என் மச்சினன் அனுப்புனது. பூசண விஷத்தைத் தின்னுரும். நல்ல கிருமி."

"கிருமியில நல்லது வேற இருக்கா?"

"தயிர்ல இருக்கே, அது மாதிரி."

சண்முகையாவுக்குப் பாதிதான் புரிந்தது. "இதை ஊருக்கு உள்ளபடி சொன்னா என்ன?"

"சொன்னேன் வே. 'கிருமியையா மாட்டுக்குக் குடுக்கச் சொல்லுத'ன்னு மூக்காண்டி வாளித் தண்ணியை என் தலையில கவுத்தான். நாலாம் நாள் அவன் பசு செத்துப்போச்சு. அதுக்கப்புறம் புத்துமண்ணுன்னேன். வரிசையில நிக்காவ."

"கூட்டத்துலயாவது சொல்லும். நீக்க மாட்டாவ."

"மன்றத்துல சொன்னா மறுநிமிஷம் சந்தைக்கு வந்துரும். பொட்டலத்தை எல்லாம் தெருவுல கொட்டிருவாவ. மாடுக பிழைக்கட்டும். நீரும் வாயத் திறக்கக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை தீர்மானத்தைச் சண்முகையாவே வாசித்தார். நாலு வரி வாசிப்பதற்குள் இரண்டு தடவை தண்ணீர் குடித்தார்.

"மூடநம்பிக்கைக்குத் துணைபோன பொன்னுச்சாமியை மன்றத்திலிருந்து நீக்குகிறோம்."

"உள்ளுக்குள்ள விபூதி, வெளிய கருப்புச்சட்டை," என்று பின்வரிசையில் ஒருத்தர் சொல்ல, சிரிப்பு எழுந்தது. பொன்னுச்சாமி உறுப்பினர் அட்டையை மேஜையில் வைத்தார். அப்படியே குனிந்து, சண்முகையாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பொடி இருக்கு வே. கலக்கத்தான் மண்ணு தீந்துபோச்சு. ஆஸ்பத்திரிக் கூட்டத்தை விட்டுட்டு நான் நகர முடியாது."

மறுநாள் காலை கோயிலில் புற்றுமண்ணுக்கு நின்ற வரிசையைப் பார்த்து ஊரே சிரித்தது. நடுவில், கையில் மஞ்சள் பையோடும் உடம்பில் கருப்புச்சட்டையோடும், மன்றத்தின் செயலாளர் நின்றுகொண்டிருந்தார்.