வாலில்லாத ஆஞ்சநேயர்

விளக்கு வைக்கும் நேரம். கனிமொழி வீட்டுக் கொலுவில், மேல்படிக்கு மேலே கட்டிய கம்பியில், தேக்குமரக் குரங்கு ஒன்று ஒற்றைக் கையால் தொங்குகிறது. டென்மார்க்கில் வேலை பார்க்கும் அவள் தம்பி அனுப்பியது. சீரியல் பல்பின் பச்சையும் சிவப்பும் அதன் வழவழப்பான வயிற்றில் வழுக்குகின்றன. நெற்றியில் கனிமொழி வைத்த குங்குமம். போன வருஷம்வரை, சிதம்பரத்தில் கொலு என்றால் சௌந்தரம் வீட்டுக் கொலுதான் என்று சொன்ன அதே தெருப் பெண்கள், இப்போது செல்போனை நீட்டி நீட்டிக் குரங்கைப் படம் பிடிக்கிறார்கள். கனிமொழியின் மூத்த ஓரகத்தியான சௌந்தரம் சுண்டலைத் தொடாமல் நிற்கிறாள். "ஆஞ்சநேயருங்கிற, வாலையே காணோம்?" என்கிறாள். "அந்த ஊர்ல வாலு வைக்க மாட்டாங்க போலக்கா. கையில எடுத்துப் பாருங்க, காலெல்லாம் திரும்புது," என்று கனிமொழி எடுத்துத் தருகிறாள். குறை தேடத்தான் சௌந்தரம் வாங்குகிறாள். காலைத் திருப்புகிறாள், கழுத்தைத் திருப்புகிறாள். எங்கும் ஒரு பிசிறு இல்லை. "கனம் ஜாஸ்தி," என்று திருப்பித் தருகிறாள். குரங்கு வரவில்லை. அதன் வளைந்த கை அவளுடைய தங்க வளையலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. கனிமொழி கழற்ற வருகிறாள். "இரு, வளையலு ஒடஞ்சிடும்," என்று சௌந்தரம் குரங்கோடு சேர்த்துக் கையை மார்போடு அணைத்துக்கொள்கிறாள்.