டிஷ்யூ பெட்டி

உளச்சிகிச்சை பயில வந்தவர்கள் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் சொந்தக் கதையைச் சொல்ல மற்றவர் கேட்க வேண்டும். நடுவில் ஒரு டிஷ்யூ பெட்டி. எதிரே இருப்பவர் கண்கலங்கினாலே சவரிராயனின் கை பெட்டிக்குப் பாய்ந்துவிடும். பயிற்சியாளர் மேசைமணியைத் தட்டுவார். “அழுகையை ஏன் சார் நிறுத்துறீங்க? தாங்க முடியாதது அவங்களுக்கா, உங்களுக்கா?” ஆறு வயதிலிருந்து அம்மாவின் கண்ணைத் துடைத்துப் பழகிய கை அது. ஐந்து முறை தோற்றாயிற்று. இன்றும் தோற்றால் நிஜ நோயாளி யாரையும் அவரிடம் அனுப்பமாட்டார்கள். இன்று எதிரே உட்கார்ந்த சக பயிற்சியாளி குழலி பேசிக்கொண்டே அழ ஆரம்பித்தாள். சவரிராயன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் கொடுத்து அழுத்திக்கொண்டார். அவள் அழுதாள், அழுது முடித்தாள். பிறகு, “இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். ஜெயித்தாச்சு! அவருக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது. குழலி அவர் முகத்தையே பார்த்தாள். அப்போதுதான் தன் சட்டைக் காலர் தன் கண்ணீரிலேயே நனைந்திருப்பது அவருக்குத் தெரிந்தது. அவள் கை பெட்டிக்குப் பாய்ந்தது. பயிற்சியாளரின் விரல் மணிமேல் போனது. கை பாதியில் நின்று, மெல்ல மடிக்குத் திரும்பியது. “அழுங்க சார்” என்றாள்.