சேர்மனுக்கு முதல் மரியாதை

எஸ்டேட் தேவாலயத்தை இடிக்க நகராட்சி நோட்டீஸ் வந்ததுமே, மனுவும் கையுமாகச் சேர்மன் ஆறுக்குட்டியின் வீட்டுக்கு ஓடக் கிளம்பினார் சபைச் செயலாளர் ஞானதாஸ்.

"முதல்ல ஆண்டவர்கிட்ட கேப்போமே" என்றார் போதகர்.

"ஆண்டவர் எப்பவும் இருப்பாருங்க ஐயா. சேர்மன் பதவி அடுத்த வருஷம் இருக்குமா?"

ஞாயிறு ஆராதனையில் ஆறுக்குட்டிக்கு முன்வரிசை நாற்காலி, சால்வை, டீ, வர்க்கி. அதுவும் போதாதென்று, அன்றைய வேதப் பகுதியை வாசிக்கும் பெருமையையும் ஞானதாஸ் அவருக்கே வழங்கினார்.

சேர்மன் மேடைப் பேச்சுக் குரலில் கணீரென்று ஆரம்பித்தார். வாசிக்க வாசிக்கக் குரல் இறங்கியது.

பதவியில் இருப்பவர்களை நம்பாதே, மனிதனால் உன்னைக் காப்பாற்ற முடியாது, கடவுளை மட்டும் நம்பு என்றது, ஜனவரியிலேயே அச்சடித்த அட்டவணைப்படி அன்றைக்கு வந்த பகுதி.

ஆறுக்குட்டி சட்டைப் பையிலிருந்த மனுவை எடுத்து ஞானதாஸிடமே நீட்டினார்.

"ஏனுங்க, உங்க சாமியே என்னைய நம்ப வேண்டாம்னு சொல்லிட்டாருங்க. பெரியவங்க பேச்சை நான் தட்டறதில்லீங்க!"