செவ்வாய் மட்டும் வேண்டாம்

ஸ்பெயினில் போன் மணி அடித்துக்கொண்டிருந்தது. இங்கே ரவாங் ஊரில் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தேன்.

பாஸ் இராமலிங்கம் என் மேசைக்கு எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“செவ்வாய்க்கிழமை நாலு மணி, சுத்த ராகு காலம்லா! அதுல போய்க் கையெழுத்துப் போட எனக்கென்ன பைத்தியமா? புதனுக்கு மாத்து. ஆனா ராகு கீகுன்னு சொல்லி மானத்த வாங்கிடாதே.”

எங்கள் ரப்பர் கையுறைத் தொழிற்சாலைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் முதல் ஆர்டர். அந்த ஸ்பெயின் கம்பெனியின் டைரக்டரே ஒப்பந்தம் போட நேரில் வருகிறார். நவம்பர் பதின்மூன்று என்று நாள் குறித்து அனுப்பியது நான்தான். விமான நேரத்தைப் பார்த்த எனக்குக் காலண்டரைப் பார்க்கத் தோன்றவில்லை. புத்தி!

இதில் இன்னொரு கூத்து. ஸ்பானிஷ் தெரியும் என்று சொல்லித்தான் இந்த வேலையில் சேர்ந்தேன். பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் வாங்கிய பழைய புத்தகத்தில் ‘கூட்டத்துக்கு நேரம் குறித்தல்’ என்ற ஒரே பாடம் மனப்பாடம். கிழமைகள், மணி, தள்ளிவை, உறுதி செய். அவ்வளவுதான் என் சரக்கு.

அங்கே ஏன் என்று கேட்டால் தொலைந்தேன். வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டே வாரம் இருந்தது.

டைரக்டரின் செக்ரட்டரி பிலார் போனை எடுத்தாள்.

ஒப்பித்தேன். மார்த்தெஸ், நோ. மியேர்கொலெஸ், பதினான்காம் தேதி, பத்து மணி.

செவ்வாய் வேண்டாம், புதன் என்று அர்த்தம்.

பிறகு கொட்டினாள் பாருங்கள், மூச்சு விடாமல்! குரல் உயர்ந்தது, நடுவில் கம்மியது. திட்டுகிறாளா, அழுகிறாளா? முருகா, ஒன்றுமே பிடிபடவில்லை. ‘ஸீ, ஸீ’, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். ஃபேக்ஸ் என்ற ஒரு வார்த்தை மட்டும் காதில் விழுந்தது. போனை வைத்துவிட்டாள்.

“என்ன சொன்னா?”

“ஃபேக்ஸ் வருதாம் பாஸ்.”

பத்து நிமிடம். அதற்குள் மனத்துக்குள் ராஜினாமாக் கடிதமே எழுதி முடித்துவிட்டேன்.

ஃபேக்ஸ் வந்ததும் பாஸ்தான் முதலில் மெஷினிலிருந்து கிழித்தெடுத்தார். படிக்கப் படிக்க முகம் மாறியது. திடீரென்று தொடையில் தட்டிச் சிரித்தார்.

“நல்ல இடம்லா ரமணி. நம்ம ஆளுங்கதான்!”

காகிதத்தை என்னிடம் நீட்டிவிட்டு டீ சொல்லப் போனார்.

புதன், பத்து மணி, சம்மதம் என்று டைப் அடித்திருந்தது. அதன் கீழே பிலாரின் கையெழுத்தில், தப்பும் தவறுமான ஆங்கிலத்தில், ஐந்தாறு வரிகள்:

எங்கள் ஊரில் பதின்மூன்றாம் தேதி செவ்வாயில் வந்தால் யாரும் எதையும் தொடங்கமாட்டார்கள். அதைக் கவனிக்காமல் நான் சரி சொல்லிவிட்டேன். டைரக்டருக்குப் பயங்கரக் கோபம். தேதியை மாற்று, ஆனால் காரணத்தைச் சொல்லாதே, சிரிப்பார்கள் என்றார். உங்களிடம் எப்படிக் கேட்பது என்று நேற்றிலிருந்து ஆங்கிலத்தில் எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். நீங்களே கூப்பிட்டுவிட்டீர்கள். என் வேலை பிழைத்தது.